வாசகர் கேள்வி பதில்: பெரிய வளாகம், சின்ன அறை

பல்கலைக்கழக மாணவர் ஒருவர் இறந்துபோனார் என்ற செய்தி வந்தாலே எங்களுக்குக் கடிதங்கள் குவியும். இந்த இதழை அவற்றுக்கே ஒதுக்கிவிட்டோம். மாணவர் ஆலோசனையிலும் மனநலத் தாதிமையிலும் வேலை செய்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். இந்த நிமிடமே தாங்க முடியாத நிலையில் இருப்பவர்கள் முழுப் பக்கத்தையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கம்: 1767, வாட்ஸ்அப் 9151 1767. தேசிய மனநல உதவி எண்: 1771. மனநலக் கழகம்: 6389 2222. எல்லாமே 24 மணி நேரமும் இயங்கும். உயிருக்கே ஆபத்து என்றால் 995.

உட்லண்ட்ஸிலிருந்து ஒரு தந்தை: மகளுக்குப் பெரிய பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. "பெரிய இடத்தில்தான் பிள்ளைகள் சாகிறார்கள்" என்று மனைவி பயப்படுகிறார். சின்ன இடமாகப் பார்த்துச் சேர்த்துவிடலாமா?

ஐயா, முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். முப்பது, நாற்பதாயிரம் பேர் படிக்கும் வளாகம் ஒரு சிறு நகரத்துக்குச் சமம். அங்கே ஓராண்டில் விபத்தும் நோயும் தற்கொலையும் நடக்கும், நடந்தால் பத்திரிகையில் வரும். அமெரிக்காவில் நார்த் கேரொலைனா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2022-23 கல்வியாண்டில் 14 மாணவர்கள் இறந்தார்கள். அதில் 7 பேர் தற்கொலையால். சுமார் 37,000 பேர் படிக்கும் இடத்துக்கும் ஓராண்டில் ஏழு என்பது மிக அதிகம். தவணை நடுவே வகுப்புகளை ஒரு நாள் நிறுத்தி, மனநலத்துக்கென்று பணிக்குழுவும் அமைத்தார்கள்.

அந்த ஓர் ஆண்டை வைத்துப் பெரிய இடமெல்லாம் ஆபத்து என்று முடிவு கட்டிவிட முடியாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2020 வரையிலான நான்கு கல்வியாண்டுகளை அரசாங்கப் புள்ளிவிவரத் துறை ஆராய்ந்தபோது, உயர்கல்வி மாணவர்களிடையே தற்கொலை விகிதம் அதே வயதுடைய மற்றவர்களைவிடக் குறைவாகவே இருந்தது. இங்கே சிங்கப்பூரில் 2022இல் பதிவான தற்கொலைகள் 476. 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு அதுதான் உச்சம். அவர்களில் 125 பேர் 10 முதல் 29 வயதுக்கு உட்பட்டவர்கள். படிப்பவர், வேலை பார்ப்பவர், தேசிய சேவையில் இருப்பவர் எல்லாரும் அதில் அடக்கம். பல்கலைக்கழக வாசலே காரணம் என்று சொல்ல இந்த எண்ணில் இடமில்லை. அந்த வயதே கவனிக்க வேண்டிய வயது.

ஆனாலும் உங்கள் மனைவியின் பயத்தில் ஓர் உண்மை இருக்கிறது. தொடக்கக் கல்லூரியில் வகுப்புக்கு இருபத்தைந்து பேர். இரண்டு நாள் வராவிட்டால் ஆசிரியர் வீட்டுக்குத் தொலைபேசி அடிப்பார். பல்கலைக்கழக விரிவுரையில் முந்நூறு பேர், வருகைப் பதிவு கிடையாது, பாடம் காணொளியாகவும் கிடைக்கும். சாப்பாட்டைக் கைப்பேசியில் வரவழைத்துக்கொண்டு பதினைந்து நாள் அறைக்குள்ளேயே கிடந்தாலும் ஒருவருக்கும் தெரியாமல் போகலாம். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. படிப்பைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சேர்ந்த மூன்றாவது வாரத்தில் மகளிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: "நீ இரண்டு நாள் வெளியே வரவில்லை என்றால் உன் கதவைத் தட்டுகிற இரண்டு பேர் யார்?" பெயர் சொன்னால் சரி. சொல்லத் தெரியவில்லை என்றால் இணைப்பாட நடவடிக்கையோ, விடுதிக் குழுவோ, தமிழ் மாணவர் அமைப்போ, வாரம் ஒருமுறை நேரில் கூடும் ஏதாவது ஒன்றில் அவர் சேர வேண்டும். இணையக் குழு கணக்கில் வராது.

விடுதியில் தங்கிப் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி: பக்கத்து அறைத் தோழி ஒரு வாரமாகச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வரவில்லை. கதவுக்கு வெளியே தபாவ் டப்பாக்கள் அப்படியே கிடக்கின்றன. நேற்று இரவு "நான் எல்லாருக்கும் பாரமா இருக்கேன்" என்று செய்தி அனுப்பிவிட்டு, காலையில் அதை அழித்துவிட்டாள். நேரடியாகக் கேட்டால் நானே அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுவேனோ?

கிளப்ப மாட்டீர்கள், தங்கச்சி. நேரடியாகக் கேட்பதால் ஆபத்து கூடுவதில்லை என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. கேட்டதும் "அப்பாடா, ஒருத்தராவது கேட்டாங்களே" என்று பலர் அழுதுவிடுவதுண்டு. தட்டிக் கழிக்கிற மாதிரி கேட்பதில்தான் சிக்கல். "தப்பா ஒண்ணும் யோசிக்கலையே?" என்றால் "இல்லை" என்ற பதிலை நீங்களே அவள் வாயில் வைத்துவிடுகிறீர்கள். "பைத்தியக்காரத்தனமா எதுவும் செஞ்சிடாதே" என்றால் கதவு சாத்திக்கொள்ளும்.

இன்றைக்கே போங்கள். செய்தியில் கேட்காதீர்கள், நேரில் போங்கள். சூடாக மைலோவோ தேநீரோ இரண்டு கோப்பை கொண்டுபோனால் கைக்கு ஒரு வேலை இருக்கும். தரையில் உட்காருங்கள். பார்த்ததை மட்டும் சொல்லித் தொடங்குங்கள்: "ஒரு வாரமா உன்னைக் கீழே பார்க்கலை. நேத்து ராத்திரி நீ அனுப்பினதை அழிக்கிறதுக்கு முன்னாடியே படிச்சிட்டேன். எனக்குக் கவலையா இருக்கு." பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். பத்து விநாடி மௌனம் பத்து நிமிடம் போல நீளும். அதை நிரப்ப அவசரப்படாதீர்கள்.

அவள் பேச ஆரம்பித்ததும் சொல்லைச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள்: "செத்துப்போயிடணும்னு தோணுதா? தற்கொலை பண்ணிக்கணும்னு நினைச்சியா?"

"ஆமாம்" என்றால் இன்னும் மூன்று கேள்விகள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாளா? அதற்கானது இப்போது கையருகே இருக்கிறதா? இன்று, நாளை என்று நாள் ஏதும் மனதில் இருக்கிறதா? முன்பு ஒருமுறை முயன்றிருக்கிறாளா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முன்பு முயன்றவர்களுக்கு ஆபத்து கூடுதல். இவற்றில் ஒன்றுக்காவது "ஆமாம்" என்று வந்தால் அவளைத் தனியாக விடக் கூடாது. கழிப்பறைக்குப் போனாலும் கதவுக்கு வெளியே நில்லுங்கள். கையருகே இருப்பதாகச் சொன்னதை அவள் சம்மதத்துடன் இன்னொருவரிடம் கொடுத்து வேறோர் அறைக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். இரண்டாவது ஆள் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள், விடுதி மேற்பார்வையாளர் என்றால் நல்லது. ஒருவர் அவளோடு இருக்க, இன்னொருவர் தொலைபேசியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

அழைப்பு யாருக்கு? அலுவலக நேரமென்றால் பல்கலைக்கழக ஆலோசனை மையத்துக்கு. "அவசரம், இப்போதே வருகிறோம்" என்று சொன்னால் முன்பதிவுக்குக் காத்திருக்க வைக்காமல் பார்ப்பார்கள். இரவென்றால் பல்கலைக்கழகத்தின் அவசர எண். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் அது 6516 7777. மற்றப் பல்கலைக்கழகங்களில் படிப்பவர்கள் தங்கள் எண்ணை இன்றே தேடிக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள், நள்ளிரவில் தேடுகிற வேலை அல்ல அது. வளாகப் பாதுகாவலர் அலுவலக எண்ணும் கூடவே இருக்கட்டும். அவசர மருத்துவ வண்டி வந்தால் எந்தக் கட்டடம், எந்த மாடி, மின்தூக்கி எங்கே என்று வழிகாட்டுவது அவர்கள்தான். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு புவாங்கோக்கில் 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஏற்கெனவே தனக்கு ஏதாவது செய்துகொண்டுவிட்டாள் என்றால் எதற்கும் யோசிக்காதீர்கள், 995.

"யார்கிட்டேயும் சொல்லாதே, சத்தியம் பண்ணு" என்பாள். பண்ணாதீர்கள். "உனக்குத் தெரியாம யார்கிட்டேயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னா நான் ஒருத்தியா தூக்கிக்கிட்டு நிக்க முடியாது" என்பது பொய்யில்லாத வாக்கு. அவள் ஒரு மாதம் கோபமாக இருக்கலாம், இருந்துவிட்டுப் போகட்டும்.

எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று சொன்னாலும் வேலை முடியவில்லை. "ஆலோசனை மையத்துக்குப் போ" என்று சொல்லிவிட்டு வந்தால் பெரும்பாலானவர்கள் போவதில்லை. மனச்சோர்வில் இருப்பவருக்கு முன்பதிவுப் படிவத்தின் முதல் பெட்டியை நிரப்புவதே மலையேறுவது மாதிரி. அவள் மடிக்கணினியில் பக்கத்திலிருந்து நிரப்ப உதவுங்கள், அந்த நாளில் கூடவே நடந்துபோங்கள், வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருங்கள். போய்விட்டு வந்த முதல் வாரத்தில் நாளுக்கு ஒருமுறை கதவைத் தட்டுங்கள். இரண்டாவது வாரத்தில் எல்லாரும் மறந்துவிடுவார்கள், நீங்கள் மறக்காதீர்கள்.

ஒன்றை எச்சரிக்க வேண்டும். இத்தனை நாள் இருண்டுபோயிருந்தவள் ஒரு காலையில் திடீரென்று தெளிந்து சிரித்து, தன் பொருள்களை ஒவ்வொருவருக்கும் கொடுக்கத் தொடங்கினால் "சரியாகிவிட்டாள்" என்று நிம்மதியடையாதீர்கள். அன்றுதான் மறுபடியும் நேரடியாகக் கேட்க வேண்டும்.

உங்களுக்கும் தூக்கம் கெடும். அதே ஆலோசனை மையத்தில் உங்களுக்கும் ஒரு நேரம் கேட்டுக்கொள்ளலாம்.

ஈசூனிலிருந்து ஒரு தாய்: மகன் தேசிய சேவை முடித்து இருபத்தொரு வயதில் சேர்ந்தான். இப்போது இரண்டாம் ஆண்டு. மதிப்பெண் சறுக்கிவிட்டது. "ஒரு தவணை விடுப்பு எடுத்துக்கிறேன்மா" என்கிறான். ஒரு வருடம் வீணாகிவிடுமே?

அம்மா, அவர் வாயைத் திறந்து கேட்டதே பாதிக் கிணறு தாண்டின மாதிரி. கேட்காமல் தேர்வறைக்குப் போகாமலிருந்து, தோல்வி எழுத்து விழுந்த பிறகு வீட்டுக்குத் தெரியவரும் பிள்ளைகளே அதிகம்.

முழு விடுப்புக்கு முன் சின்ன வழிகள் சில உண்டு, அவற்றை முதலில் பாருங்கள். பாடச் சுமையைக் குறைத்துக்கொள்ளலாம். ஐந்து பாடம் எடுத்தவர் ஒன்றிரண்டை விடலாம். ஆனால் பல்கலைக்கழகம் குறித்த நாளுக்குள் விட்டால்தான் பட்டியலில் "விலகினார்" என்று வரும், அந்த நாள் தாண்டினால் தோல்வி என்று வரும். எனவே மகனோடு உட்கார்ந்து கல்வி நாள்காட்டியைத் திறந்து அந்தத் தேதியை முதலில் பாருங்கள். அடுத்தது எஸ்/யூ. குறிப்பிட்ட சில பாடங்களின் மதிப்பெண்ணைச் சராசரியில் சேர்க்காமல் "தேறினார்" என்று மட்டும் காட்டச் சொல்லும் வசதி அது. முதலாண்டில் பயன்படுத்தாமல் மிச்சம் வைத்திருக்கிறாரா, இரண்டாம் ஆண்டுக்கு அது செல்லுமா என்று பார்க்க வேண்டும். தேர்வு நாளன்று முடியாமல் போனால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து மருத்துவச் சான்றிதழ் வாங்க வேண்டும். மூன்று நாள் கழித்து வாங்கிய சான்றிதழோடு மல்லுக்கட்டுவது பெரும்பாடு.

இவை போதாது என்றால் மருத்துவ விடுப்பு. மருத்துவரின் கடிதம் வேண்டும். கல்வி உதவித்தொகை இருந்தால் கொடுத்தவர்களிடம் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். விடுதி அறை பெரும்பாலும் போய்விடும். திரும்பி வரும்போது "படிக்கத் தகுதியானவர்" என்று மருத்துவர் எழுதித் தரும்படி கேட்பார்கள், எனவே விடுப்பில் இருக்கும்போதும் மருத்துவரைப் பார்ப்பதை நிறுத்தக் கூடாது. கட்டணம் எந்தத் தேதிக்கு முன் விண்ணப்பித்தால் திரும்பக் கிடைக்கும் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

விடுப்பில் தவறு நடப்பது வீட்டில்தான். ஆறு மாதம் வீவக வீட்டின் சின்ன அறையில் திரைச்சீலையை இழுத்துவிட்டுக் கிடந்தால் நோய் கூடும். காலையில் ஒரே நேரத்தில் எழுவது, நாளுக்கு அரைமணி நேரம் வெயிலில் நடப்பது, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஒரு சிறு வேலை: இவ்வளவு போதும். சொந்தக்காரர்கள் கேட்டால் "உடம்பு சரியில்லை, ஒரு தவணை லீவு" என்று ஒரே பதிலை வீட்டில் எல்லாரும் சொல்லுங்கள். நல்லது கெட்டதுக்குப் போகிற இடத்தில் ஆளுக்கொரு கதை சொன்னால் மானம் போகிறதென்று பிள்ளை நினைப்பான்.

ஒரு வருடம் என்கிறீர்கள். தேசிய சேவைக்குப் போன இரண்டு வருடத்தை யாரும் வீண் என்று சொல்லவில்லையே.

தஞ்சாவூரிலிருந்து வந்து படிக்கும் மாணவர்: ஆலோசகரிடம் போனால் அப்பாவிடம் சொல்லிவிடுவார்களா? மாணவர் அனுமதி அட்டை ரத்தாகுமா? மூன்று வருட வேலை ஒப்பந்தம் வேறு இருக்கிறது.

மூன்றும் வெவ்வேறு கேள்விகள், தம்பி. மூன்றையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருப்பதால்தான் இரவில் தூக்கம் வரவில்லை.

ஆலோசகரிடம் பேசுவது பேராசிரியருக்கோ தேர்வுப் பிரிவுக்கோ போகாது, மதிப்பெண் பட்டியலிலும் ஏறாது. உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ உடனடி ஆபத்து என்றால் மட்டும் தேவையான ஆளிடம் தேவையான அளவு சொல்வார்கள். 21 வயது ஆகாதவர் என்றால் வீட்டுக்கு எப்போது தெரிவிப்பார்கள் என்பதை முதல் சந்திப்பிலேயே கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. பல்கலைக்கழக ஆலோசனைக்குக் காசு கிடையாது.

ஆலோசனைக்குப் போனதால் அட்டை ரத்தாகாது. அட்டை முழுநேரப் படிப்போடு கட்டப்பட்டது; நீண்ட விடுப்பு எடுத்தால்தான் பிரச்சினை வரும். அட்டையை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போய், திரும்பும்போது குடிநுழைவு, சோதனைச் சாவடி ஆணையத்திடம் மறுபடி விண்ணப்பிக்க நேரலாம். எனவே விடுப்புப் படிவத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அனைத்துலக மாணவர் அலுவலகத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து பேசுங்கள். ஊரில் தொடர்ந்து பார்க்க ஒரு மனநல மருத்துவரை ஏற்பாடு செய்துகொண்டு, இங்கிருந்து ஒரு சுருக்கக் கடிதமும் மருந்துச்சீட்டும் வாங்கிப் போங்கள்.

கல்விக் கட்டண மானியத்துக்கான மூன்று வருட ஒப்பந்தம் பட்டம் வாங்கிய பிறகுதான் தொடங்குகிறது. ஒரு தவணை தள்ளிப்போனால் ஒப்பந்தமும் தள்ளிப்போகும், மூன்று வருடம் நான்காகாது. படிப்பையே கைவிட்டால் கணக்கு வேறு. கையெழுத்திட்ட பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். நள்ளிரவு இரண்டு மணிக்கு வேண்டாம், பகலில்.

மாணவர் காப்புறுதி மனநலச் சிகிச்சைக்கு எவ்வளவு தரும் என்பது காப்புறுதித் திட்டத்துக்குத் திட்டம் மாறும். வெளி மருத்துவரிடம் போகுமுன் கேட்டுவிடுங்கள். 16 முதல் 30 வயது வரை உள்ளவர்களுக்கு மனநலக் கழகத்தின் இளையர் பிரிவான "சேட்" இலவசமாக மதிப்பீடு செய்து, அடுத்து எங்கே போகலாம் என்று சொல்லும்.

தெம்பனிஸிலிருந்து ஒரு மாமா: தங்கை மகளுக்கு மனச்சோர்வு என்று மருத்துவர் சொல்லிவிட்டார். இது பதிவில் ஏறினால் வேலை கிடைக்குமா? கல்யாணம்?

கல்யாணத்துக்கு நாங்கள் உத்தரவாதம் தர முடியாது. ஜாதகம் பார்ப்பவரும் தர முடியாது. வேலைக்குத் தரலாம், ஓரளவு. வேலைக்குத் தேவையில்லாத நிலையில் விண்ணப்பப் படிவத்தில் மனநோய் உண்டா என்று கேட்கக் கூடாது என்று அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கங்கள் சேர்ந்து வகுத்த முத்தரப்பு வழிகாட்டி பல ஆண்டுகளாகவே சொல்லிவருகிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் மனநலப் பிரச்சினையையும் சேர்த்திருக்கிறது. தற்கொலை முயற்சியும் 2020 ஜனவரி 1 முதல் குற்றமில்லை. "போலிஸ் கேஸ் ஆகும்" என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் மறைக்கிற குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. அந்தப் பயத்துக்கு இப்போது இடமே இல்லை.

செலவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். தனியார் நிபுணரிடம் நேரே போகாமல் பலதுறை மருந்தகத்துக்குப் போய் அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு அரசாங்க மருத்துவமனைக்குப் போனால் மானியக் கட்டணம். மனச்சோர்வு, பதற்றநோய், இருதுருவ மனநோய், மனச்சிதைவு நான்கும் நாள்பட்ட நோய்ப் பராமரிப்புத் திட்டத்தில் உள்ளன. ஆண்டுக்கு 500 வெள்ளி வரை, சிக்கலான நிலை என்றால் 700 வெள்ளி வரை மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுக்கலாம். கட்டணத்தில் 15 விழுக்காட்டை மட்டும் கையிலிருந்து கட்ட வேண்டும். அம்மா அப்பாவின் மெடிசேவும் செல்லும். மாமாவுடையது செல்லாது!

புக்கிட் பாத்தோக்கிலிருந்து ஒரு வாசகி: மருந்து எடுத்தால் காலம் முழுக்க எடுக்க வேண்டுமா? பழக்கமாகிவிடுமா?

மனச்சோர்வுக்கு முதலில் தரும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மருந்து மதுவைப் போலவோ சிகரெட்டைப் போலவோ ஏங்க வைக்காது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு வரும். அதனால் மருத்துவர் சொல்லும் அளவில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். வயிற்றுப் புரட்டலும் தூக்கக் குழப்பமும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலன் வருமுன் தொல்லை வருவதால் பத்தாம் நாள் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிட்டு "எனக்கு ஒத்துக்கலை" என்பவர்கள் ஏராளம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடரச் சொல்வார்கள்.

25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முதல் சில வாரங்களில் பதற்றமோ, உயிரை விடும் எண்ணமோ கூடலாம் என்ற எச்சரிக்கை மருந்துக்கான தகவல் தாளிலேயே இருக்கும். அதற்காக மருந்தை மறுக்க வேண்டாம். அந்த வாரங்களில் வீட்டில் ஒருவர் நாள்தோறும் "இன்னைக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். மாறுதல் தெரிந்தால் அடுத்த முன்பதிவு வரை காத்திராமல் மருத்துவரை அழையுங்கள்.

சிராங்கூனிலிருந்து ஒரு பாட்டி: பேரனுக்காகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் வேண்டியிருக்கிறேன். அவனும் விரதம் இருந்தால் மனசு தெளியும் என்று சொன்னால் மகள் திட்டுகிறாள்.

வேண்டுதல் உங்களுடையது, தாராளமாக எடுங்கள். பேரன் கூட வந்து நடந்தால் அதுவும் நல்லதே. விரதம் மட்டும் அவர் சாப்பிடும் மருந்தைப் பொறுத்தது. இருதுருவ மனநோய்க்குத் தரும் லித்தியம் சாப்பிடுபவர் பட்டினி கிடந்து, தண்ணீர் குறைந்து, வெயிலில் நடந்தால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அது அருள் வந்த அடையாளமில்லை, நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அடையாளம். மருந்தின் பெயரை எழுதிக்கொண்டு மருந்தாளரிடம் கேளுங்கள், பாட்டி. மகள் திட்டியதில் நியாயம் உண்டு.

துணைப் பாட ஆசிரியர் ஒருவர்: அதிகாலை மூன்று மணிக்கு ஒரு மாணவர், "ஒப்படைப்புக்கு அவகாசம் வேண்டாம், இனிமேல் தேவையிருக்காது" என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். நான் என்ன எழுத வேண்டும்?

எழுதாதீர்கள், தொலைபேசியில் கூப்பிடுங்கள். "இனிமேல் தேவையிருக்காது" என்பதற்குப் படிப்பை விடுகிறேன் என்றும் பொருள், வாழ்க்கையை விடுகிறேன் என்றும் பொருள். எது என்று கேட்டே ஆக வேண்டும். எடுக்கவில்லை என்றால் துறையின் மாணவர் நலப் பொறுப்பாளரையும் வளாகப் பாதுகாவலர்களையும் அப்போதே எழுப்புங்கள். நேரில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். வீண் பதற்றமாக முடிந்தால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். ஒப்படைப்பு அவகாசத்தையும் அந்த அழைப்பிலேயே கொடுத்துவிடுங்கள், பேரம் பேச வேண்டாம்.

ஜூரோங்கிலிருந்து ஒரு வாசகர்: நண்பர் வீட்டில் படித்துக்கொண்டிருந்த பிள்ளை போய்விட்டான். பதினாறாம் நாள் காரியத்துக்குப் போக வேண்டும். என்ன பேசுவது?

பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரையே எடுக்காமல் சுற்றிச் சுற்றிப் பேசுவது அந்தத் தாய்க்கு இரண்டாவது சாவு. அவன் நன்றாகச் செய்த ஒன்றை, உங்களுக்கு நினைவிருக்கும் ஒன்றைச் சொல்லுங்கள். "ஏன், எப்படி" என்று கேட்காதீர்கள். "கொஞ்சம் கவனிச்சிருக்கலாம்" என்ற சொல் வாயிலிருந்து வரவே கூடாது. அவர்கள் அதைத் தங்களுக்குள் நாளுக்கு நூறு தடவை சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

குழுக்களில் முறை, இடம், கடிதம், படம் எதையும் பகிராதீர்கள். அதே வயதில் அதே மனநிலையில் இருக்கும் இன்னொரு பிள்ளையின் கைப்பேசியிலும் அது போய் விழும். ஒன்றைத் தொடர்ந்து இன்னொன்று நடப்பதற்கு இப்படியும் ஒரு வழி உண்டு. "தேர்வில் தோற்றதால் செத்தான்" என்று ஒற்றைக் காரணம் கட்டுவதும் வேண்டாம். அடுத்த தேர்வில் தோற்கப்போகும் பிள்ளைக்கு அது வழிகாட்டுவது போலாகிவிடும். கூட்டம் கலைந்த பிறகு, ஒரு மாதம் கழித்து, சாப்பாட்டுத் தூக்கோடு போங்கள். இப்படி உறவை இழந்தவர்களுக்கென்றே அபய ஆலோசனைச் சங்கத்தில் ஆதரவுக் குழு இருக்கிறது. அந்த எண்ணை எழுதி, தூக்கின் அடியில் வைத்துவிட்டு வரலாம். தமிழில் பேச ஆள் வேண்டுமென்றால் சிண்டா எனப்படும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கத்தின் குடும்பச் சேவை நிலையத்தைக் கேளுங்கள்.

மூன்றாம் ஆண்டு மாணவர்: ஆலோசகரைப் பார்க்க மூன்று வாரம் காத்திருக்கச் சொல்கிறார்கள். தவணையின் கடைசி வகுப்பு வாரமான பதின்மூன்றாவது வாரம் நெருங்குகிறது. அதுவரை என்ன செய்வது?

முதலில், உங்கள் நிலை எப்படி என்று தெளிவாகச் சொன்னீர்களா என்று பாருங்கள். முன்பதிவுப் படிவத்தில் "மன அழுத்தம்" என்று ஒரே சொல்லை எழுதினால் வரிசையில் கடைசியில்தான் போடுவார்கள். பிஹெச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட பட்டியல் இருக்கிறது. கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வோர் அறிகுறியும் எத்தனை நாள் இருந்தது என்று 0 முதல் 3 வரை போட வேண்டும், மொத்தம் 27. பத்தோ அதற்கு மேலோ என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய அளவு. ஒன்பதாவது கேள்வி உயிரை விடுவது பற்றியது. அதில் பூச்சியம் அல்லாத எதுவானாலும் மொத்தத்தைக் கூட்டிக்கொண்டிராமல் ஆலோசனை மையத்தை அழைத்து அதை அப்படியே சொல்லுங்கள், மூன்று வாரம் சுருங்கும். பலதுறை மருந்தகமோ வளாக மருந்தகமோ அதற்கு முன்பே பார்க்கும்.

இன்றிரவு கைப்பேசியில் ஒரு குறிப்பு எழுதுங்கள். ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த பாதுகாப்புத் திட்டம் அது. ஆறு பகுதிகள். முதல் பகுதியில், மனம் சரியத் தொடங்கும்போது உங்களுக்கு வரும் அடையாளம். "சோகம்" என்று பொதுவாக எழுதாதீர்கள், "இரண்டு நாள் குளிக்கவில்லை, அம்மாவின் அழைப்பை எடுக்கவில்லை" என்று எழுதுங்கள். அடுத்து, யாரையும் கேட்காமல் நீங்களே செய்யக்கூடியது: குளிர்ந்த நீரில் முகம் கழுவுவது, இருபது நிமிடம் நடப்பது. மூன்றாவது, பிரச்சினையைப் பேசாமல் வெறுமனே போய் உட்காரக்கூடிய ஆளும் இடமும். ஆள் நடமாட்டமுள்ள உணவங்காடி நல்லது. நான்காவது, நேரடியாக "எனக்கு முடியலை" என்று சொல்லக்கூடிய இரண்டு பேர், எண்ணோடு. ஐந்தாவது, 1767, 1771, பல்கலைக்கழக அவசர எண். ஆறாவது, ஆபத்தானது எதுவும் அறையில் இல்லாமல் பார்த்துக்கொள்வது, அதை யாரிடம் கொடுத்து வைப்பது. அந்த அலை பெரும்பாலும் சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய் இறங்கும், அந்த நிமிடங்களில் கைக்கு எட்டாமல் இருப்பதுதான் காரியம்.

நான்காவது பகுதியில் பெயர் எழுதிய இருவரிடமும் நாளையே சொல்லிவிடுங்கள்: "உன் பேரை எழுதியிருக்கேன், ராத்திரி கூப்பிட்டா எடு." "தொந்தரவு செய்யாதே" நிலையில் போட்டிருந்தாலும் உங்கள் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படி அவர்கள் கைப்பேசியில் மாற்றி வைக்கச் சொல்லுங்கள். தொடர்புப் பட்டியலில் உங்களை விருப்பத்துக்குரியவராகக் குறித்து, அத்தகையவர்களின் அழைப்பை அனுமதிக்க வேண்டும். ஒலியையே அணைத்திருந்தால் இது போதாமல் போகலாம், ஒருமுறை அழைத்துச் சோதித்துப் பாருங்கள்.